கணக்கில் வராத பக்கத்து நாடு

1

2020 அக்டோபரில் இந்தியாவுக்கு ஒரு மானப் பிரச்சினை வந்தது. பன்னாட்டு நிதியம் தன் அறிக்கையில், அந்த ஆண்டு வங்கதேசத்தின் தலா உள்நாட்டு உற்பத்தி 1,888 டாலர், இந்தியாவினுடையது 1,877 டாலர் என்று மதிப்பிட்டிருந்தது. வித்தியாசம் 11 டாலர். அவ்வளவுதான், பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டன. வங்கதேசமா? அவனா நம்மளத் தாண்டிப் போனான்? அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஒன்றிய உள்துறை இணையமைச்சராக இருந்த ஜி. கிஷன் ரெட்டி, இந்தியா குடியுரிமை தருவதாகச் சொன்னால் பாதி வங்கதேசம் காலியாகிவிடும் என்று பேசியிருந்தார். எட்டே மாசத்தில் இப்படி ஒரு அடி.

பொருளாதார அறிஞர்கள் சமாதானம் சொன்னார்கள். இரண்டு நாட்டு விலைவாசி வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்தியாதான் முன்னால் நிற்கிறது என்றார்கள். கொரோனா ஊரடங்கினால் அந்த ஆண்டு இந்திய உற்பத்தி 10.3 சதம் சுருங்கும் என்று நிதியம் மதிப்பிட்டது, அதனால் வந்த சறுக்கல் இது என்றார்கள். இரண்டும் உண்மைதான். அந்த விவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது நமக்கு முக்கியமில்லை. அந்த ஆத்திரத்துக்குள் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். கீழே கிடக்க வேண்டியவன் மேலே வந்துட்டான் என்கிற ஆத்திரம் அது. நமக்கு நல்லாப் பழகின ஆத்திரம். சேரிப் பையன் சலவைச் சட்டை போட்டுக்கிட்டு ஊர்த்தெரு வழியா வண்டி ஓட்டிட்டுப் போனா வருமே, அதே ஆத்திரம்தான். நாடுகளின் பட்டியலைக்கூட இவர்கள் சாதிப் படிநிலையாகத்தான் வாசிக்கிறார்கள்.

அந்த ஆண்டின் சறுக்கல் யார் முதுகில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்த பிறகு லட்சக்கணக்கான கூலிச்சனங்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். வழியிலேயே செத்தார்கள். மே 8 விடியற்காலையில் அவுரங்காபாத் பக்கத்தில் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, ஊர் திரும்பும் வழியில் செத்த தொழிலாளர்கள் பற்றிய கணக்கு தன்னிடம் இல்லை, ஆகவே இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை என்று அரசு பதில் சொன்னது. அடுத்த மாசம் 11 டாலருக்கு அழுதார்கள். தலைக்கு எத்தனை டாலர் என்று கடைசி டாலர் வரை சொல்ல முடிந்தவர்களுக்கு எத்தனை தலை விழுந்தது என்று சொல்ல முடியவில்லை.

ஒரு நாடு தன்னைப் பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தப்பா? தப்பில்லை. ஆனால் யாருடைய வாழ்க்கையை வைத்து ஒப்பிடுகிறது? இந்தக் கேள்வியைப் பொருளாதாரம் கேட்பதில்லை. இது அறம் சம்பந்தப்பட்ட கேள்வி. ஆகவே நாம் கேட்போம்.

2

‘தலா’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தலைக்கு இவ்வளவு என்று அர்த்தம். ஒரு ஊரில் 20 குடும்பம். ஒரு குடும்பத்துக்கு 100 ஏக்கர். மீதி 19 குடும்பத்துக்குக் கையகல நிலம் கிடையாது. சராசரி போட்டால் தலைக்கட்டுக்கு 5 ஏக்கர் வரும். எல்லாருமே நடுத்தர விவசாயிகள்! கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஊரில் 5 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு ஆளைக்கூட உங்களால் காட்ட முடியாது. சராசரி என்பது இல்லாத ஒரு ஆள். இல்லாத அந்த ஆள்தான் தேசத்தின் பிரதிநிதியாக நின்று பக்கத்து நாட்டுக்காரனோடு மல்லுக்கட்டுகிறான்.

தலைக்கட்டு என்றதும் நம்ம ஊர்த் திருவிழா ஞாபகத்துக்கு வருகிறது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும்போது எத்தனையோ ஊர்களில் சேரித் தலைக்கட்டைச் சேர்ப்பதில்லை. வரி கொடுத்தா உரிமை கேப்பான். தேர்வடம் பிடிப்பேன்னு வருவான். அதனால வரியே வேணாம். ஆனால் தேசிய சராசரி போடும்போது மட்டும் நம்ம தலையையும் தவறாமல் எண்ணிக்கொள்கிறார்கள். கொடுக்கும்போது எண்ணாத தலை, பெருமைக்கு மட்டும் எண்ணப்படுகிற தலை.

இதெல்லாம் நமக்கு மட்டும் தோன்றிய விஷயம் இல்லை. நாட்டு வருமானக் கணக்கை அமெரிக்காவில் உருவாக்கித்தந்த சைமன் குஸ்நெட்ஸ் 1934லேயே, இந்தத் தொகையை வைத்து மக்களின் நலவாழ்வை அளந்துவிட முடியாது என்று எச்சரித்துவிட்டார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பெரிய பாடம் ஒன்று நடந்தது. 1960களில் பாகிஸ்தானை வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். அயூப் கான் ஆட்சி 1968இல் வளர்ச்சியின் பத்தாண்டு என்று விழாவே எடுத்தது. அதே 1968இல், அந்த அரசின் திட்டக்குழுவில் பொருளாதார அறிஞராக இருந்த மஹ்பூப் உல் ஹக் ஒரு உண்மையைப் போட்டு உடைத்தார். நாட்டின் தொழில் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் கையில் இருக்கிறது என்றார். விழாப் பந்தலில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. பிற்பாடு அவர்தான் 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முதல் மனிதவளர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தார். வருமானத்தோடு ஆயுளையும் படிப்பையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று வாதாடினார். அமர்த்தியா சென் அவரோடு நின்றார்.

அந்தப் பாகிஸ்தான் சராசரிக்குள் இன்னொன்றும் புதைந்து கிடந்தது. கிழக்கு வங்கத்தின் சணல் அந்நியச் செலாவணி சம்பாதித்தது. ஆலையும் அணையும் தலைநகரும் மேற்கில் எழும்பின. இரண்டு பகுதிகளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தபோது நாடு வளர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்று இன்னொன்றைத் தின்றது. மொழிப் பிரச்சினையும் தேர்தல் தீர்ப்பை மதிக்காத ராணுவமும் சேர்ந்துகொள்ள, 1971இல் வங்கதேசம் பிறந்தது. சராசரிக்குள் மறைத்துவைக்கப்பட்ட ஒரு சனம் ‘எங்கள் கணக்கைத் தனியாக எழுது’ என்று கேட்டதில்தான் அந்த நாடே உருவாயிற்று என்று சொன்னாலும் மிகையில்லை.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 20.14 கோடிப் பேர். நூற்றுக்கு 16.6 பேர். வங்கதேசத்தில் 2022இல் எடுத்த கணக்கின்படி அங்குள்ள மொத்த சனத்தொகை ஏறத்தாழ 17 கோடிதான். அதாவது இந்தியாவுக்குள் இருக்கிற சேரி, வங்கதேசத்தைவிடப் பெரியது. அதற்கு எல்லை உண்டு. ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம், சில இடங்களில் சுவரே எழுப்பி வைத்திருக்கிறார்கள். தனிச் சுடுகாடு உண்டு. கொஞ்ச காலம் முன்புவரை டீக்கடையில் தனிக் குவளையும் இருந்தது. இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரு நாட்டுக்கு வேண்டிய பிரிவினை எல்லாம் இருக்கிறது, நாடு என்ற பெயரும் ஒரு வரிசை எண்ணும்தான் இல்லை. இந்தப் பக்கத்து நாட்டின் தலா உற்பத்தி எவ்வளவு என்று எந்த நிதியமும் அறிக்கை போடுவதில்லை. இந்தியா தன்னை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய முதல் பக்கத்து நாடு இதுதான்.

ஒப்பிட்டால் என்ன தெரியும்? ஒரே ஒரு எண்ணைப் பார்ப்போம். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் மேல்சாதிப் பெண்களைவிட சராசரியாக 14.6 ஆண்டு இளவயதில் இறக்கிறார்கள் என்று சொன்னது. இறக்கும்போதைய சராசரி வயதும், ஆயுள் எதிர்பார்ப்பு என்று நாடுகளுக்குப் போடும் கணக்கும் ஒன்றல்ல. ஒன்றின் மீது ஒன்றை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் யோசியுங்கள். 2011இல் வங்கதேசத்துக்கும் இந்தியாவுக்கும் ஆயுளில் இருந்த வித்தியாசம் நாலு வருஷம். அதற்கே புத்தகங்கள் எழுதப்பட்டன. ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கிற இந்த 14 வருஷத்துக்கு எந்தத் தொலைக்காட்சியில் கூப்பாடு போட்டார்கள்?

3

அடுத்தது உற்பத்தித்திறன். ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில், ஒரு நாளில் எவ்வளவு மதிப்பை உண்டாக்குகிறார் என்பதுதான் அது. ஏழை நாடு ஏன் ஏழையாக இருக்கிறது என்று கேட்டால், உற்பத்தித்திறன் குறைவு என்பார்கள். கூலி ஏன் குறைவு என்று கேட்டாலும் அதே பதில்தான். கேட்பதற்கு இயற்கை விதி மாதிரி இருக்கும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

நகராட்சியில் குப்பை அள்ளுகிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு நாளில் உண்டாக்கும் மதிப்பு எவ்வளவு? துணிக்கு விலை உண்டு, நெல்லுக்கு விலை உண்டு. சுத்தமான தெருவுக்குச் சந்தையில் விலை கிடையாது. நகராட்சி அதை யாருக்கும் விற்பதில்லை. ஆகவே நாட்டு வருமானக் கணக்கில் என்ன செய்கிறார்கள் என்றால், அந்தச் சேவைக்கு ஆகும் செலவையே அதன் மதிப்பாக எழுதிக்கொள்கிறார்கள். செலவில் பெரும்பங்கு சம்பளம். அதாவது, அந்த அம்மாவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்களோ அவ்வளவுதான் அவர் உண்டாக்கிய மதிப்பு. கூலி ஏன் கம்மி? மதிப்பு கம்மி. மதிப்பு ஏன் கம்மி? கூலி கம்மி. செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி இந்த வாதம் சுற்றிச் சுற்றி வருகிறது. நடுவில் நட்டுவைத்திருக்கிற உலக்கையின் பெயர் சாதி. இந்த வேலையை யார் செய்ய வேண்டும், என்ன விலைக்குச் செய்ய வேண்டும் என்று பொருளாதாரம் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்து போராடினார்களே, எதற்காக? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியார் நிறுவனத்துக்குத் தள்ளிவிடுவதை எதிர்த்து. கைக்கு வருகிற சம்பளம் குறைஞ்சுபோகும் என்பதால். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அதே தெரு, அதே குப்பை, அதே கை. சம்பளம் இறங்கினால் அந்தக் கையின் ‘உற்பத்தித்திறன்’ ராத்திரியோட ராத்திரியா இறங்கிவிடும். இப்படி ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டுதான் நாட்டுக்கு நாடு ஒப்பிடுகிறார்கள்.

இந்த வேலையின் உண்மையான மதிப்பு எல்லா அரசுக்கும் தெரியும். 1947இல் நாடு துண்டானபோது அது வெட்ட வெளிச்சமாயிற்று. சிந்து மாகாணத்திலிருந்து இந்துக்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தோட்டிகளை மட்டும் போகவிடவில்லை. அத்தியாவசியப் பணி என்று சட்டம் காட்டி நிறுத்தினார்கள். அந்த டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்குக் கடிதம் எழுதி, பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட தாழ்த்தப்பட்ட மக்களை மீட்கச் சொன்னார். கராச்சியில் இந்தியத் தூதராக இருந்த ஸ்ரீ பிரகாசா, பிரதமர் லியாகத் அலி கானிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவங்க போயிட்டா கராச்சித் தெருவையும் கக்கூசையும் யார் சுத்தம் பண்றது என்ற பொருளில் பதில் வந்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

பாருங்கள். வியாபாரி போகலாம், வக்கீல் போகலாம், டாக்டர் போகலாம், ஆலை முதலாளி போகலாம். உற்பத்தித்திறன் மிக்கவர்கள் எல்லாம் போகலாம். போகக் கூடாதவர், போனால் நகரமே நாறிவிடும் என்று அரசு பயப்படுகிறவர் ஒரே ஒருத்தர்தான். அவருக்குத்தான் கணக்கில் கடைசி இடம். இல்லாமல் முடியாத வேலை என்பதும் மதிப்பில்லாத வேலை என்பதும் எப்படி ஒரே வேலையாக இருக்க முடியும்? இதற்குப் பதில் சொல்லாத எந்தப் பொருளியலும் நமக்கு அரைப் பொருளியல்தான்.

இன்றைக்கும் கராச்சி, லாகூரில் அந்த வேலையைப் பெரும்பாலும் கிறித்தவர்களாக மாறிய தீண்டப்படாதவர்கள் செய்கிறார்கள். டாக்காவில் கான்பூரிலிருந்தும் தெலுங்கு தேசத்திலிருந்தும் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுபோனவர்களின் வாரிசுகள் ஹரிஜன் காலனிகளில் இருந்துகொண்டு செய்கிறார்கள். மூணு நாட்டுக்கும் மூணு கொடி, மூணு தேசிய கீதம். கக்கூஸ் கழுவ மட்டும் ஒரே சனம்.

4

இலங்கை பக்கம் போவோம். தெற்காசியாவில் மனிதவளர்ச்சிப் பட்டியலில் பல காலம் மேலே நிற்கும் நாடு அது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம் என்று உலகமே பாராட்டியது. 2022இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நாடு திவாலான பிறகும்கூட அந்தப் பெயர் முழுசாய்ப் போய்விடவில்லை. அந்தச் சராசரிக்கு உள்ளே மலையகம் இருக்கிறது.

அங்கே கொழுந்து பறிக்கக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் நம்ம சனங்கள்தான். பள்ளர், பறையர், அருந்ததியர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தது அவர்கள் பறித்த தேயிலை. 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். ஓட்டும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு படித்தோமே, மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று. அவர்கள் உழைப்பு மட்டும் அந்தப் பின்னத்தின் தொகுதியில் இருந்தது. தேர்தல் தொகுதியில் அவர்கள் பெயர் இல்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தலைகளை எண்ணத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். பங்கு கொடுக்க எண்ண மாட்டார்கள், பங்கு போட்டுக்கொள்ள எண்ணுவார்கள்.

தோட்டத்தில் ‘அரைப்பேர்’ என்று ஒரு சொல் உண்டு. காலையில் பெரட்டுக்குப் போய் மலையேறி நாள் முழுக்கப் பறித்தாலும், தோட்டம் நிர்ணயித்த கிலோ வரவில்லை என்றால் செக்ரோலில் அரைப்பேர்தான் விழும். அரை நாள் கூலி. இந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்து பாருங்கள். ஒரு முழு ஆள் வந்தாள். மழையில் நனைந்தாள். அட்டைக்கடி பட்டாள். சாயங்காலம் அவள் பேரில் பாதிதான் மிஞ்சியது. பன்னாட்டு அறிக்கைகள் ‘தலா’ என்று எழுதும்போது அவள் ஒரு முழுத் தலை. தோட்டத்துக் கணக்கில் அவள் அரை ஆள்.

1,000 ரூபாய் நாட்கூலிக்காக அவர்கள் பல வருஷம் போராடினார்கள். 2021இல்தான் சம்பள நிர்ணய சபை வழியாக அது வந்தது. அந்தப் போராட்டக் காலம் பூராவும் தோட்டக் கம்பெனிகள் சொன்ன பதில் ஒன்றே. எங்க ஆளுங்க பறிக்கிறது கென்யாவைவிடக் கம்மி, இந்தியாவைவிடக் கம்மி, உற்பத்தித்திறன் கூடினாத்தான் கூலி கூடும். பறிக்கும் அளவு கையின் வேகத்தை மட்டும் பொறுத்ததா? செடி எத்தனை வயசு, பழைய விதைத் தேயிலையா புது ரகமா, உரம் போட்டார்களா, சரிவு எவ்வளவு செங்குத்து, மழை பெய்ததா, எல்லாவற்றையும் பொறுத்தது. கிழட்டுச் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுச்செடி நட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. அதைச் செய்யாமல் விட்டதன் பலன் அந்தப் பெண்ணின் பேரில் அரையாக எழுதப்படுகிறது. முதலாளியின் குறையைத் தொழிலாளியின் உடம்பில் எழுதும் எழுத்துக்குப் பெயர்தான் இங்கே உற்பத்தித்திறன்.

சரி, உற்பத்தி கூடினால் கூலி தானாகக் கூடுமா? தஞ்சாவூரைக் கேளுங்கள். 1960களில் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. புது விதை வந்தது, உரம் வந்தது, கடன் வந்தது. விளைச்சல் கூடியது. கூடின விளைச்சலில் கூலிக்காரன் கூடக் கொஞ்சம் நெல் கேட்டான். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. முதலில் பெருக்குவோம், பிறகு பங்கிடுவோம் என்று உபதேசிப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஊர் அது.

எங்க அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவள். எழுதப் படிக்கத் தெரியாது. களத்து மேட்டில் கூலி நெல் அளக்கும்போது அவள் சொல்வாள்: “நாள் பூரா குனிஞ்சவளுக்குப் படியால அளக்குறான். குனியாம நின்னவனுக்கு வண்டியால அளக்குறான். கேட்டா வெளச்சல் கம்மிங்குறான். வெளச்சல் கம்மின்னா வண்டியில்ல கொறையணும், படி ஏன் கொறையுது?” பல்கலைக்கழகத்தில் இதற்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

5

இதையெல்லாம் சொல்வதால் உற்பத்தியே வேண்டாம், வளர்ச்சியே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வறுமையை அழகு என்று பாடுவது பசிக்காதவன் வேலை. கிராமத்தைக் கோயிலாக்கி, ராட்டையைத் தெய்வமாக்கினவர்களோடு அம்பேத்கர் மோதியது இந்த இடத்தில்தான். 1918இல், 27 வயதில், இந்தியாவின் சிறுநிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலம் சின்னதாக இருப்பது நோய் இல்லை. முதலீடு போதாமல், கைகள் வேலையில்லாமல் நிலத்தின் மீது குவிந்து கிடப்பதுதான் நோய். தொழில்மயம்தான் மருந்து என்றார். எந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தரும், ஓய்வு பண்பாட்டைத் தரும் என்று பின்னாளிலும் வாதாடினார். உற்பத்தித்திறன் அவருக்கு எதிரி இல்லை. சாதி வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிக்கட்டில் நிறுத்துவது என்று 1936இல் அவர் எழுதியதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று புரியும். இந்த நாட்டில் உற்பத்தித்திறன் குறைவதற்கே சாதிதான் ஒரு காரணம்.

எப்படி? சாக்கடைக்குள் இறக்க ஒரு சாதி மலிவாகக் கிடைக்கும்போது எந்திரம் வாங்க யாருக்குத் தோன்றும்? 2013இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இன்னும் ஆளை இறக்குகிறான், இன்னும் சாகிறோம். ஒரு சனத்தின் மூளையையும் கையையும் ஒரே வேலையில் பூட்டி வைத்துவிட்டு, தேசத்துக்குத் திறன் போதவில்லை என்று மாநாடு போடுகிறார்கள்.

வங்கதேசத்தோடு ஒப்பிடுவதில் நமக்குப் பிரயோஜனமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த 11 டாலரில் இல்லை. 1990இல் பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்தியாவில் 81, வங்கதேசத்தில் 97. 2011இல் இந்தியாவில் 47, வங்கதேசத்தில் 37. இந்த 20 ஆண்டில் வருமானத்தில் வேகமாக ஓடியது இந்தியா. 2011 வாக்கில் வங்கதேசத்தைப் போல் இரண்டு மடங்கு. குழந்தைகளைக் காப்பாற்றியதில் முந்தியது வங்கதேசம். ழான் திரேசும் அமர்த்தியா சென்னும் 2013இல் எழுதிய நூலில் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்.

காசு கம்மியாக இருந்தும் எப்படி முடிந்தது? 1980 முதல் 1990 வரை பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தை சாகாமலிருக்க மூணு விரல் அளவு உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் கலக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். அடுப்படியில் உட்கார்ந்து, அந்த வீட்டுத் தாயின் கையாலேயே கலக்க வைத்தார்கள். இதை நம்ம ஊரில் கற்பனை செய்து பாருங்கள். அந்தத் தண்ணியை யார் தொடுறது? சேரிப் பொண்ணு ஊர்த்தெரு வீட்டு அடுப்படியில் உக்காந்து கலக்க முடியுமா? ஊர்த்தெரு நர்ஸ் சேரி வீட்டுச் சொம்பை வாங்குவாளா? உப்பும் வெல்லமும் இங்கேயும் மலிவுதான். தண்ணிதான் இங்கே சாதி.

கக்கூஸ் விஷயமும் அப்படித்தான். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பாதிக் குடும்பங்கள், துல்லியமாகச் சொன்னால் 49.8 சதம், வெட்டவெளிக்குப் போயின. வங்கதேசத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் எழுதிய நூலில் காரணத்தை ஆராய்ந்தார்கள். குழிக் கக்கூஸ் கட்டினால் குழி நிறையும். நிறைந்தால் அள்ள வேண்டும். அள்ளுவது தோட்டி வேலை. தோட்டியும் இப்போ வரமாட்டேங்கிறான், நாமளும் தொட மாட்டோம், ஆகவே காட்டுக்கே போவோம். இதன் விலை என்ன? ஊர்க் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு, ஊர்க் குழந்தையும் வளர்த்தி குன்றுகிறது. தீண்டாமை சேரியை மட்டும் கொல்லும் என்று நினைத்தவன் வீட்டுத் தொட்டிலுக்குள்ளேயும் அது புகுந்துவிட்டது. பக்கத்து நாட்டுக்காரன் எப்படி முந்தினான் என்று கேட்பவர்கள் இந்தக் குழிக்குள் எட்டிப் பார்க்கட்டும்.

அதற்காக வங்கதேசத்தை நாம் சொர்க்கம் ஆக்கவில்லை. 2013 ஏப்ரல் 24, சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தையல் மிஷினில் உட்கார்ந்த பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியை மூடிவிட்டார்கள். தையல்காரப் பெண்களை மட்டும் மறுநாள் காலையில் உள்ளே போகச் சொன்னார்கள். ஏற்றுமதியில் எண்பது சதத்துக்கு மேல் சுமக்கிற தொழில் அது. டாக்காவின் மீரஞ்சில்லா ஹரிஜன் காலனி வீடுகளை 2024 ஜூனில் மாநகராட்சி இடிக்க ஆரம்பித்தது. தெருவைச் சுத்தம் பண்ணினவன் தெருவில் நின்றான். ஆக, சராசரிக்கு வெளியே எறியப்பட்ட சனம் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

6

பிறகு எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? மேலே இருந்து ஒப்பிடாதே, நடுவில் இருந்தும் ஒப்பிடாதே, அடியில் இருந்து ஒப்பிடு என்பதே நம் பதில். ஒரு நாட்டின் வாழ்க்கைத்தரம் என்பது அந்த நாட்டின் கடைசி ஆளின் வாழ்க்கைத்தரம். நுவரெலியாவில் 10க்கு 12 அடி லயக் காம்பிராவில் இருப்பவள், டாக்கா ஹரிஜன் காலனியில் இருப்பவள், கராச்சியில் விளக்குமாறு பிடித்தவள், நேபாளத்தில் ஊர்க் குழாயைத் தொட்டால் அடிபடுகிற தலித் பெண், நம்ம காலனியில் நூறு நாள் வேலைக்குப் போனவள், இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். யார் அதிகக் காலம் உயிரோடு இருக்கிறாள்? யார் பிள்ளை பத்தாவது தாண்டியது? யார் முகத்துக்கு நேராக நின்று கூலி கேட்க முடிகிறது? கேட்ட பிறகு யார் வீடு எரியாமல் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தக் குறியீட்டிலும் இடம் இல்லை. நம் குறியீட்டில் அதுதான் முதல் வரி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைசி ஆளை வைத்து அளந்தால் தேசப் பெருமை என்ற ஒன்று மிஞ்சாது. மிஞ்ச வேண்டாம் என்பதுதான் நம் வாதம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அரசியலில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு. வாழ்க்கையில் ஒரு ஆளுக்கு ஒரே மதிப்பு என்பதை மறுப்போம். இந்த முரணோடு எத்தனை நாள் ஓட்டுவோம் என்பதே அவர் கேட்டதன் சாரம். தலா வருமானம் அந்த முரணை மறைக்கப் போட்ட திரை. காகிதத்தில் எல்லாத் தலையும் சமம். களத்தில் படியால் அளக்கிற தலை வேறு, வண்டியால் அளக்கிற தலை வேறு.

2027 கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணப் போவதாக ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. நல்லது, தலையை எண்ணட்டும். அந்தத் தலைகளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதையும் சாதிவாரியாக எழுது என்று நாம் கேட்க வேண்டும். நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஆயுள் எவ்வளவு. அரசு எழுதாவிட்டால் நாம் எழுத வேண்டும். பொருளாதாரம் படிக்கிற நம் பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்பு தேடி எங்கேயும் அலைய வேண்டாம். ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்த்தெருவை ஒரு நாடாகவும் சேரியை இன்னொரு நாடாகவும் வைத்து இரண்டு பட்டியல் போடுங்கள். எத்தனை பேர், என்ன வேலை, என்ன கூலி, எத்தனை வயதில் சாவு. முடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். பக்கத்து நாடுகளின் ஒப்பீடு அங்கிருந்து தொடங்கட்டும்.